‘நோ’ காலமானார்

லைன் அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது ஒரு திங்கட்கிழமை காலையில்தான் அவளுக்கே தெரியவந்தது. அதுவரை தெரியும் என்ற நினைப்பில்தான் அவள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுத்துக்கொண்டிருந்தாள்; ‘லைன்’ என்ற பெயரே அதனால் வந்ததுதான்.

ஜன்னல் இல்லாத அறை அது. வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு திரை, ஆளுக்கொரு ஹெட்செட், சுவர் முழுக்க ஊர் வரைபடம். ஊரில் யார் மாடியிலிருந்து விழுந்தாலும், யாருக்கு நெஞ்சை அடைத்தாலும், யார் தொண்டையில் எது சிக்கினாலும் அழைப்பு இங்கேதான் வரும். துறைமுகம் உள்ள ஊர் என்பதால் எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள் அதிகம். பாதி அழைப்பு இங்கிலீஷில்தான் வரும். அழைக்கிறவனுக்கும் அது சொந்த மொழியில்லை, எடுக்கிறவளுக்கும் இல்லை. இரண்டு பேரும் நடுவழியில் எங்கேயோ சந்தித்துக்கொள்வார்கள். லைன் அக்காவின் இலக்கணத்தைக் கேட்டால் அவளுடைய பள்ளிக்கூட வாத்தியார் காதைப் பொத்திக்கொள்வார். “ஆம்புலன்ஸ் இஸ் கமிங். யூ டோன்ட் கோயிங் எனிவேர்” என்பாள். அவர்களும் எங்கும் போகாமல் இருப்பார்கள். ஆம்புலன்ஸும் போய்ச் சேர்ந்துவிடும்.

அன்று சூப்பர்வைசர் அவளைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட செய்தி சொல்லும்போதெல்லாம் அவர் கைக்குட்டையால் மேசையைத் துடைப்பார். மேசை பளபளவென்று இருந்தது.

“எனக்குத் தனிப்பட்ட முறையில உடன்பாடு இல்லைதான்” என்று ஆரம்பித்தார். அவர் உடன்படாத காரியங்கள்தான் அந்த அலுவலகத்தில் ஒன்று விடாமல் நடந்துகொண்டிருந்தன. “உயிருள்ள ஆங்கில வாரியத்துலேர்ந்து வந்திருக்கு. உங்க பேச்சை எல்லாம் அவங்க மெஷின் கேட்டுருக்கு. நீங்க பேசுற வார்த்தைல முக்கால்வாசி செத்துப்போச்சாம்.”

“எது சார் செத்துச்சு?”

“‘பிளீஸ்’ போன வருஷமே போயிருச்சு. ‘காம் டவுன்’ ரெண்டு மாசம் முன்னாடி. ‘ஹெல்ப்’...” அவர் காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். “கவலைக்கிடம்னு போட்டிருக்கு.”

வாரியத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். புத்தகத்தில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு ஊர் உலகம் பின்தங்கிவிட்டது என்று கண்டுபிடித்த சில பெரியவர்கள் தொடங்கியது அது. ஜனங்கள் இப்போது சொற்களைக் கற்பது செல்போனில்தான், ஆகவே எந்தச் சொல் உயிரோடிருக்கிறது என்பதைச் செல்போன்தான் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. சமூக ஊடகத்தில் ஒரு சொல்லுக்கு எத்தனை இதயம் விழுகிறது என்று ஒரு மெஷின் எண்ணிக்கொண்டே இருக்கும். வாரா வாரம் திங்கட்கிழமை பிறப்பு இறப்பு அறிவிப்பு வரும். வாரியத்தின் சான்றிதழ் இல்லாதவர்கள் பொதுமக்களிடம் இங்கிலீஷில் பேசக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. பல் டாக்டரிலிருந்து பஸ் கண்டக்டர்வரை எல்லோரும் போய் அதற்கான பரீட்சையை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் சொன்னபோது, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்யும் அவள் வீட்டுக்காரர், “உனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னா, கோபம் வந்தா இத்தனை வருஷமா என்னை எந்த பாஷையில திட்டிட்டு இருந்த?” என்று கேட்டார். கல்லூரியில் படிக்கும் மகள் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தாள்.

மறுநாள் வாரிய அலுவலகத்துக்குப் போனாள். வாசலிலேயே ஒரு கருப்புப் பலகை. அதில் அந்த வாரம் இறந்த சொற்களின் பெயர்களை வெள்ளை எழுத்தில் எழுதி, பக்கத்தில் பிளாஸ்டிக் பூவளையம் சாத்தியிருந்தார்கள். ‘பியூட்டிஃபுல்’ என்ற சொல் போய்விட்டிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் சட்டென்று எழுந்து, “எல்லாரும் எந்திரிங்க, ‘அவ்சம்’ இப்பதான் போச்சு” என்றாள். வரிசையில் நின்றவர்கள் ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருந்தார்கள். உட்கார்ந்திருந்த ஒரு கிழவரை மட்டும் எழுப்பி நிற்கவைத்தார்கள். ஒரு நிமிட மௌனம்.

“உங்களுக்கு எத்தனை ஃபாலோயர்ஸ்?” என்று கவுண்டர்ப் பெண் கேட்டாள்.

“வீட்ல ரெண்டு பேர். அவங்களும் சொன்ன பேச்சு கேக்கறதில்லை.”

“பூஜ்யம்” என்று அந்தப் பெண் தட்டச்சு செய்தாள். “ஆரம்ப நிலை வகுப்பு.”

வகுப்பைத் தொடங்கிவைக்க வாரியத் தலைவரே வந்திருந்தார். தலைமுடியைக் கருகருவென்று அடித்துவிட்டு, கல்லூரிப் பையன் போடுகிற சட்டையை வயிற்றுக்கு மேல் இழுத்துப் பொத்தான் போட்டிருந்தார். மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே, மொழிங்கறது ஒரு ஆறு. ஆறு தானா ஓடட்டும்னு விட்டா அது எங்க போகும்னு யாருக்குமே தெரியாது. அதனாலதான் நாங்க அதுல மோட்டார் வச்சிருக்கோம். சில பேர் கேக்கறாங்க, நீங்க என்ன படிச்சிருக்கீங்கன்னு. நான் கடைசியா ஒரு புத்தகத்தை முழுசா எப்பப் படிச்சேன்னு எனக்கே ஞாபகம் இல்லை. அதனாலதான் என் இங்கிலீஷ்ல ஒரு பழைய வார்த்தைகூட ஒட்டிக்கலை. பாடத்திட்டம் எங்கேர்ந்து வருதுன்னும் கேக்கறாங்க. மறைக்க ஒண்ணுமில்லை. என் பேரன் என்கிட்ட பேசுறதில்லை. ஆனா அவன் அவன் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட என்ன பேசுறான்னு கேட்டு எழுதிட்டு வர ஒரு ஆள் போட்டிருக்கேன். பாதிப் பாடம் அங்கேர்ந்துதான் வருது.”

பலத்த கைதட்டல். கைதட்டாதவர்கள் பெயரைக் கவுண்டர்ப் பெண் குறித்துக்கொண்டாள்.

பாடம் எடுத்தவனுக்கு முப்பது செகண்ட் மாஸ்டர் என்று பெயர். அதற்கு மேல் நீளும் எதையும் இந்தத் தலைமுறை கேட்காது என்பதால் எந்தப் பாடத்தையும் அவன் முப்பது செகண்டில் முடித்துவிடுவான். வீடியோ எடுக்கிறவர்கள் வைத்துக்கொள்ளும் வளைய விளக்கின் முன்னால் நின்று, விரலைச் சொடுக்கி, “ஹே ஃபேம்!” என்பான். ஃபேம் என்றால் குடும்பம். முன்பின் தெரியாதவரை அப்படிக் கூப்பிடுவதுதான் இப்போது மரியாதை. பாடம் முடிந்ததும் மாணவர்கள் இதயம் போட வேண்டும். சந்தேகம் கேட்பவர்கள் வெறுப்பாளர் பட்டியலில் சேர்க்கப்படுவார்கள்.

“‘சிக்’னா சூப்பர். ‘ஃபயர்’னா ரொம்ப சூப்பர். ‘ஐம் டெட்’னா விழுந்து விழுந்து சிரிச்சேன்னு அர்த்தம். இதயம் போடுங்க!”

லைன் அக்கா கையைத் தூக்கினாள். “சார், நான் ஆம்புலன்ஸ்ல போன் எடுக்கறேன். ஒருத்தர் போன் பண்ணி ‘டெட்’னு சொன்னா?”

“சிரிக்கிற எமோஜி அனுப்புங்க.”

“போன்ல எமோஜி எப்படி அனுப்பறது?”

மாஸ்டர் முகத்தில் ஒரு குழந்தைத்தனமான குழப்பம் வந்தது. முப்பது செகண்ட் முடிந்துவிட்டதால் அதை அவன் தீர்க்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே வரும்போது கூடப் படித்த பல் டாக்டர் மெதுவாகச் சொன்னார். “என் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. வலிக்குதான்னு கேட்டா ‘சிக்’குங்கறாங்க. பல்லைப் பிடுங்கறதா, பாராட்டுக்கு நன்றி சொல்றதா?”

லைன் அக்கா சோம்பேறியில்லை. நாள்தோறும் சமையலறையில் நின்றபடி புதுச்சொற்களைச் சொல்லிப் பார்த்தாள். அதில் சிலது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. மனநிலை, சூழல் எல்லாவற்றுக்கும் பொதுவான ‘வைப்’ என்ற சொல்லைத் தோசைக் கரண்டிக்கும், மாமியார் வீட்டுக்கும், மழைக்கும் என்று பாகுபாடில்லாமல் பயன்படுத்தினாள். ஒரு நாள் மகளிடம், “இன்னைக்கு உன் தலை ஃபயரா இருக்கு” என்றாள்.

மகள் செல்போனைக் கீழே வைத்தாள். அவள் அதைக் கீழே வைத்து அந்த வீடு பார்த்து வெகு காலமாகியிருந்தது.

“அம்மா, அதெல்லாம் நாங்க எங்களுக்குள்ள பேசுறதும்மா. விளையாட்டுக்கு. யாரும் சொல்லிக் கொடுக்காததாலதான் அது நல்லா இருக்கு. உங்க வாரியம் அதைப் பாடமா வச்சுச்சு, அவ்ளோதான், மறுநாளே எங்க யாருக்கும் அதைச் சொல்லப் பிடிக்கலை. நாங்க விட்டுட்டோம்.”

“அதான் வாரா வாரம் சாகுதா?”

“அது தானா சாகலைம்மா. அவங்க தொட்டாங்க, செத்துச்சு.”

இதைப் பற்றி யோசித்துக்கொண்டே அவள் வேலைக்குப் போன நாளில்தான் கட்டுப்பாட்டு அறையில் வாரியத்தின் மென்பொருளைப் பொருத்தினார்கள். அழைப்பவர் சொல்வதை அது கேட்டு, திரையில் வகைப்படுத்தும். அவசரமானதை முன்னால் தள்ளும், மற்றதை வரிசையில் பின்னால் போடும். “ஹலோ, ஆம்புலன்ஸ்” என்று சொல்லக் கூடாது. “ஹே ஃபேம், என்ன வைப்?” என்றுதான் இங்கிலீஷில் தொடங்க வேண்டும். ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் அந்த வாசகத்தை ஒட்டியிருந்தார்கள்.

மதியம் சாப்பாட்டு நேரம் முடிந்த கையோடு ஒரு அழைப்பு திரையில் வந்தது. பச்சை நிறம். பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம். ‘மகிழ்ச்சியான அழைப்பு. பிறகு பார்க்கலாம்.’ மென்பொருள் அதை வரிசையின் வாலில் கொண்டுபோய் வைத்தது.

பல வருடப் பழக்கத்தில் லைன் அக்காவின் விரல் தானாகப் போய் அதைத் தொட்டது.

“மை பிரதர் டெட்” என்றது ஒரு குரல். “மை பிரதர் டெட். மை பிரதர் டெட்.” சொல்லிக்கொண்டே இருந்தது. வேறு இங்கிலீஷ் அந்தக் குரலுக்குத் தெரியவில்லை.

“வேர்?” என்றாள்.

பெயிண்ட் அடிக்கிறவர்கள். உயரமான கட்டடத்தில் கயிற்றுப் பலகையில் தொங்கிக்கொண்டிருந்த அண்ணன் கயிறு அறுந்து விழுந்திருக்கிறான். பக்கத்தில் என்ன கடை, எந்த நிறக் கட்டடம், எந்தப் பாலம் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தாள். வண்டியை அனுப்பினாள். “லுக் ஹிஸ் செஸ்ட். கோயிங் அப் அண்ட் டவுன்?” போனை எங்கோ வைத்துவிட்டுக் குனிகிற சத்தம். பிறகு, “அப்... அண்ட் டவுன்” என்று அந்தக் குரல் உடைந்தது. உயிர் இருந்தது. வண்டி போய்ச் சேரும்வரை அவனோடு பேசிக்கொண்டே இருந்தாள்.

ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம். வரிசையின் வாலில் அந்தச் சிரிக்கும் முகம் எவ்வளவு நேரம் காத்திருந்திருக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கி, தாங்காமல் விட்டுவிட்டாள்.

சூப்பர்வைசர் வந்து நின்றார். “எனக்குத் தனிப்பட்ட முறையில உடன்பாடு இல்லைதான். ஆனா நீங்க மென்பொருளை மதிக்காம வரிசையை மீறிட்டீங்கன்னு வாரியத்துக்குத் தானாவே தகவல் போயிருச்சு. உங்க பரீட்சையை இந்த வெள்ளிக்கிழமைக்கே மாத்திட்டாங்க.”

பரீட்சை ஒரு பெரிய அரங்கத்தில் நடந்தது. திருத்துகிறவர் என்று யாரும் இல்லை. மேடையில் கேமரா, அதன் பின்னால் ஒரு ராட்சதத் திரை. நேரலையில் பார்க்கும் ஜனங்கள் போடும் இதயங்கள்தான் மதிப்பெண். லைன் அக்காவுக்கு முன்னால் போன பல் டாக்டர் தாளத்துக்கு ஏற்ப இடுப்பை அசைத்து, வேர்த்து விறுவிறுத்து, எப்படியோ தேறிவிட்டார். இறங்கும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

லைன் அக்கா மேடையேறியதும், கேள்வி படிக்க நிறுத்தியிருந்த ஒரு அம்மாள் அவளுக்கான கேள்வியைப் படித்தாள்.

“ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்ற செய்தியை நோயாளியின் குடும்பத்துக்குத் தெரிவிக்கவும். இந்த வாரம் பிறந்த சொற்களைத் தாராளமாகப் பயன்படுத்தவும். முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும். பாட்டு ஓடும். அசைவது கட்டாயமில்லை. அசையாதவர்கள் யாரும் இதுவரை தேறியதில்லை.”

பாட்டு ஆரம்பித்தது. லைன் அக்கா கேமராவைப் பார்த்தாள். அதற்குள் அந்த பெயிண்ட்காரத் தம்பி நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு.

“நோ” என்றாள்.

“மேடம், அது ஒரு வாக்கியம் இல்லை.”

“நோ.”

“பதில் தெரியலையா, இல்ல சொல்ல மாட்டீங்களா?”

“தெரியும். சொல்ல மாட்டேன்.” பாட்டு ஓடிக்கொண்டிருக்க, அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி நடந்தாள். பின்னால் திரையில் என்ன நடந்தது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரை முழுக்க இதயமாகக் கொட்டி, கேள்வி படித்த அம்மாளின் முகமே மறைந்துபோனது.

சனிக்கிழமை காலையில் பால் வாங்கப் போனால் பால்காரர், “நோ!” என்று சிரித்தார். பஸ்ஸின் முதுகில் அவள் படம். கைப்பையைத் தோளில் மாட்டும் அந்த ஒரு காட்சியைச் சின்னப் பிள்ளைகள் தெருவில் நடித்துக் காட்டின. திங்கட்கிழமை வாரிய அறிவிப்பில் முதல் பெயரே அதுதான்: ‘நோ’, புதிதாகப் பிறந்தது, தாயும் சேயும் நலம்.

தலைவர் பூங்கொத்தோடும் கேமராவோடும் கட்டுப்பாட்டு அறைக்கே வந்துவிட்டார்.

“அம்மா, நீங்க ஒரு சொல்லைப் பெத்துருக்கீங்க!”

“சார், அது பழைய சொல்.”

“நேத்து வரைக்கும் பழசு. இனிமே புதுசு. நீங்கதான் எங்க ‘நோ’ தூதர். எவ்வளவு அழகா எங்களை எதிர்த்தீங்க! எங்களை எதிர்க்கறதுக்குக்கூட எங்க மேடை வேணும்னு உலகத்துக்கே காட்டிட்டீங்க.”

அவள் பூங்கொத்தை வாங்கிக்கொண்டாள். பொய் சொல்வானேன், ஓரிரு நாள் அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. பஸ் முதுகில் தன் முகம் போவதை அவள் இரண்டு முறை நின்று பார்த்தாள்.

முப்பது செகண்ட் மாஸ்டர் ‘நோ’வைப் பாடமாக எடுத்தான். உதட்டைக் குவித்துச் சொல்லும் நோ, தோளைக் குலுக்கும் நோ, கண்ணடிக்கும் நோ. ஊரே பழகியது. முதலில் எல்லோரும் விளையாட்டாகத்தான் சொன்னார்கள். ஆனால் அது மற்றச் சொற்களைப் போல இல்லை. வாயில் நாலு நாள் கிடந்ததும் தன் பழைய வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வா என்ற முதலாளியிடம் துணிக்கடைப் பெண் ‘நோ’ என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, தான் கண்ணடிக்க மறந்துவிட்டோம் என்று. பள்ளிக்கூடங்களில் வாரியத்தின் வீட்டுப்பாடத்துக்குப் பிள்ளைகள் ‘நோ’ என்றன. சான்றிதழ் அச்சடிக்கிறவர்கள் ‘நோ’ என்றார்கள். கடைசியில் தலைவர் தன் அறையில் மணியடித்துக் காபி கேட்டபோது, அவருடைய அட்டெண்டர் வாசலில் நின்று, உதட்டைக் குவித்து, தோளைக் குலுக்கி, பாடத்தில் உள்ளபடி பிசகில்லாமல் ‘நோ’ என்றார். வாரச் சொல்லைச் சரியாக உச்சரித்த ஊழியரைத் தண்டிக்க விதியில் இடமில்லை. பாராட்டுச் சான்றிதழ்தான் கொடுக்க முடியும். அதை அச்சடிக்கத்தான் ஆள் இல்லை.

இரண்டாம் வாரத்தில், அடுத்த திங்கட்கிழமைவரை காத்திருக்க வாரியத்தால் முடியவில்லை. புதன்கிழமையே அவசரமாகக் கூடியது. கருப்புப் பலகையில் எழுதினார்கள்: ‘நோ’ காலமானார். நீண்ட நாள் உடல்நலக் குறைவு. இனி அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர்கள் சான்றிதழை இழப்பார்கள். மறுக்க விரும்புகிறவர்கள், ‘மேபி லேட்டர், ஃபேம்’, அதாவது ‘அப்புறம் பாக்கலாம், குடும்பமே’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

அன்று மாலை தலைவர் லைன் அக்காவின் வீட்டுக்குப் போன் செய்தார். குரலில் தேன் சொட்டியது.

“அம்மா, நாளைக்கு இரங்கல் வீடியோ எடுக்கறோம். காலமான சொல்லுக்கு நீங்கதான் நெருங்கின சொந்தம். ஒரு நிமிஷம் வந்து கேமரா முன்னாடி அழுதுட்டுப் போங்க. ‘எங்களை விட்டுப் போயிருச்சு, இனி யாரும் அதைத் தொந்தரவு பண்ணாதீங்க’ன்னு சொன்னாப் போதும். சான்றிதழைக் கையோட வாங்கிட்டுப் போயிரலாம். பாதியில விட்டுட்டுப் போன பரீட்சையை மறுபடி எழுத வேண்டாம்.”

“வரலைன்னா?”

“உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு ஆயிரும். உங்க நாற்காலியில வேற ஆளை உக்கார வைக்கச் சொல்லிருவோம். எனக்கும் வருத்தம்தான். வருத்தமா இருக்கற மாதிரி ஒரு வீடியோவும் போடுவோம்.”

அவள் யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டாள். வீட்டுக்காரர் நியாயமாகத்தான் பேசினார். “போய் அழுதுட்டு வந்துரேன். நீ சினிமா பார்த்து அழாததா? வேலை நிக்கும்.”

“சினிமாவுல செத்தவன் நிஜமா சாகலைன்னு எனக்குத் தெரியும்” என்றாள் லைன் அக்கா. வெகுநேரம் பாத்திரம் துலக்கினாள். துலக்கியதையே மறுபடி துலக்கினாள். பிறகு ஈரக் கையோடு போனை எடுத்துத் தலைவரைக் கூப்பிட்டாள்.

“சார், அன்னைக்கு ஒருத்தன் ‘என் அண்ணன் செத்துட்டான்’னு கத்துனான். உங்க மெஷின் அவன் சிரிக்கறான்னு சொல்லுச்சு. அவன் சொன்ன சொல்லுக்கு அவன் நினைச்ச அர்த்தம்தான்னு நம்புறதுதான் என் வேலை. நான் சொன்ன சொல்லுக்கும் நான் நினைச்ச அர்த்தம்தான். அது சாகலை. நான் வரலை.”

“அம்மா, இதையே கேமரா முன்னாடி சொன்னீங்கன்னா...”

அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போனபோது அவள் நாற்காலியில் முப்பது செகண்ட் மாஸ்டர் உட்கார்ந்திருந்தான். மேசையில் வளைய விளக்கைப் பொருத்தியிருந்தார்கள். சூப்பர்வைசர் நடைவழியில் அவளை மறித்து, மேசை இல்லாததால் சுவரைத் துடைத்தார்.

“எனக்குத் தனிப்பட்ட முறையில...”

“தெரியும் சார். எங்க உக்காரணும்?”

நடைவழியில் ஒரு மர பெஞ்சு போட்டிருந்தார்கள். கதவு திறந்தே இருந்ததால் உள்ளே நடப்பது தெரிந்தது. பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் திரைகளைப் பார்த்தார்கள்.

முதல் அழைப்பு வந்தது. மாஸ்டர் விரலைச் சொடுக்கினான். “ஹே ஃபேம்! என்ன வைப்?”

மறுமுனையில் வந்த பதில் ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. அந்தச் சொற்கள் வாரியத்தின் எந்த அறிவிப்பிலும் வந்ததில்லை. ஆனால் ஒவ்வொன்றும் உயிரோடு இருந்தது. திட்டிய அதே மூச்சில் அந்தக் குரல், “மை வைஃப்! மை வைஃப் ஃபால்! நோ பிரீத்!” என்று அலறியது.

மாஸ்டர் அவனுக்குத் தெரிந்ததைச் சொன்னான். சிரித்த முகத்தோடு ஆரம்பித்து, சிரிப்பு கழன்று விழ, “வெயிட்... வெயிட்...” என்றான். முப்பது செகண்ட் ஆகிவிட்டது. அதற்கு மேல் அவன் வாழ்நாளில் யாரிடமும் பேசியதில்லை. வெளுத்த முகத்தோடு கதவுப்பக்கம் திரும்பினான்.

“அக்கா, இதுல இன்னும் பேசணுமா?”

லைன் அக்கா எப்போது எழுந்தாள், எப்போது உள்ளே போனாள் என்று அவளுக்கே தெரியாது. ஹெட்செட் அவள் காதில் இருந்தது.

“சார், ஐ ஆம் ஹியர். வேர் ஆர் யூ?”

தெரு சொன்னான். மாடி சொன்னான். கதவைத் திறந்துவை என்றாள். மனைவியைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொன்னாள். நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அழுத்தச் சொன்னாள். “ஹார்ட். ஃபாஸ்ட். டோன்ட் ஸ்டாப்பிங்.” அவன் எண்ணிக்கொண்டே அழுத்துவது கேட்டது. அவளும் கூடவே எண்ணினாள். மாஸ்டர் தன் வளைய விளக்கை அணைத்துவிட்டு, அவள் சைகை காட்டிய பொத்தானை அழுத்தி வண்டியை அனுப்பினான்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். “அம்மா, வைங்க! உங்களுக்கு அனுமதி இல்லை. வாரியம் கேட்டுட்டே இருக்கு. ஹெட்செட்டைக் கழட்டுங்க!”

“நோ.”

“இது உத்தரவு!”

“நோ” என்றாள், திரும்பாமலே. கண்ணடிக்கவும் இல்லை, தோளைக் குலுக்கவும் இல்லை.

மறுமுனையில் எண்ணிக்கை நின்றது. “நோ?” என்றான் அந்த மனிதன் பதறிப்போய். “நோ? ஐ ஸ்டாப்?”

“நாட் யூ சார்! நாட் யூ! திஸ் நோ ஃபார் அனதர் மேன். யூ பிரஸ்! ஒன், டூ, த்ரீ...”

அவன் மறுபடி எண்ணத் தொடங்கினான். பக்கத்து மேசைக்காரர் எழுந்து, தன் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த வாசகத்தைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அதற்கடுத்த மேசையிலும் ஒரு கிழியும் சத்தம் கேட்டது. யாரோ குனிந்து அந்த மென்பொருள் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார்கள். திரைகளில் இருந்த சிரித்த முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் போயின.

கடைசியில் அந்தப் போனுக்குள் சைரன் கேட்டது. தூரத்தில், பிறகு கிட்டத்தில். படிகளில் பூட்ஸ் சத்தம். யாரோ அவன் கையிலிருந்து வேலையை வாங்கிக்கொண்டார்கள். அவன் அழுகிறானா மூச்சு வாங்குகிறானா என்று தெரிவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

“அந்தம்மா பொழச்சிட்டாங்களா அக்கா?” என்று மாஸ்டர் கேட்டான்.

“தெரியாது. நமக்கு யாரும் சொல்ல மாட்டாங்க.”

கண்ணாடி அறையில் சூப்பர்வைசரின் போன் அடித்தது. தலைவர். எடுத்த உடனே அவர் போட்ட கூச்சல் வெளியே வரை வந்தது. அந்தப் பொம்பளை இன்னும் அங்கேதான் இருக்காளா? உடனே வெளியே அனுப்புங்க. ஒயரைப் பிடுங்கினது யாரு? எல்லார் பேரையும் இப்பவே குடுங்க.

சூப்பர்வைசர் கைக்குட்டையைத் தேடினார். அகப்படவில்லை. கண்ணாடிக்கு வெளியே எல்லா மேசையிலிருந்தும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “எனக்குத் தனிப்பட்ட முறையில...” என்று ஆரம்பித்து, நிறுத்தினார். அதற்குப் பின்னால் வரும் ‘ஆனா’ இந்த முறை வரவில்லை. விதிக்கும் பங்கம் வரக் கூடாது, வேலையும் நடக்க வேண்டும்.

“மேபி லேட்டர், ஃபேம்” என்று சொல்லி, மரியாதையாகப் போனை வைத்தார்.

வெளியே அடுத்த அழைப்பின் சிவப்பு விளக்கு எரிந்தது. மாஸ்டர் நாற்காலியை இழுத்து லைன் அக்காவிடம் தள்ளினான். அவள் உட்கார்ந்து எடுத்தாள்.